எட்டாவது மாடியில் பச்சை பட்டனை அழுத்தினால் கீழே யார் எடுப்பார்?

2024 நவம்பரில் ஒரு மழை ராத்திரி. பெரம்பூரில் எங்கள் அடுக்குமாடியின் மீட்டர் ரூமில் கேபிள் ஒன்று கருகி, மாடி மாடியாகக் கேபிள் போகும் டக்ட் வழியாகப் புகை மேலே ஏறியது. கரண்டை மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். ஒன்பதாவது மாடி டீச்சரம்மா, வாக்கர் பிடித்து நடக்கும் தன் வீட்டுக்காரரை ஒரே ஒரு மாடி இறக்கி, எட்டாவது மாடி ரெஃப்யூஜ் ஏரியாவில், அதாவது படியில் இறங்க முடியாதவர்கள் மீட்க ஆள் வரும்வரை காத்திருக்கும் இடத்தில், உட்கார வைத்தார். செய்ய வேண்டியதைச் சரியாகத்தான் செய்தார். சுவரில் பச்சைப் பெட்டி, அதில் பட்டன், கீழே ‘உதவிக்கு அழுத்தவும்’ என்று ஸ்டிக்கர். அழுத்தினார். பதில் இல்லை. நாற்பது நிமிடம் அழுத்திக்கொண்டே இருந்தார்.

நல்லவேளை, புகை அடங்கியது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை செக்யூரிட்டி அறைக்குப் போய், பச்சைப் பெட்டியின் அழைப்பை எடுக்கும் பேனலைத் திறந்தேன். பேட்டரி செத்து ஏறக்குறைய ஒரு வருடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் ஸ்டில்டுக்குள், அதாவது தரைத்தள பார்க்கிங்கில், முழங்கால் அளவு நின்றதே, அன்றிலிருந்து. பேனல் அதைச் சொல்லாமல் இல்லை. ‘கீ... கீ...’ என்று ராப்பகலாகக் கத்தியிருக்கிறது. சத்தம் தாங்காமல் யாரோ ஃபிளெக்ஸ் பேனர் துண்டு ஒன்றை மடித்து பஸ்ஸர் துளை மேல் வைத்து, கறுப்பு இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்று ஒட்டியிருந்தார்கள். கேட்டதற்கு ராத்திரி ஷிஃப்ட் அண்ணன் ஒளிக்காமல் சொன்னார்: “தூங்க முடியல சார்.” மேலிருந்து அழைப்பு வந்தாலும் அடிக்க வேண்டியது அதே பஸ்ஸர்தான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளரான எனக்கே அன்றுதான் தெரியும்.

எல்லாவற்றையும் சரிசெய்ய ஏழு மாதம் அலைந்தேன். கீழே உள்ள வரிசையில் போனால் உங்களுக்கு இரண்டு மாதம் போதும்.

1. உங்கள் கட்டடத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் நடந்து பாருங்கள்

போனை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழே ஒரு நடை. கண்ணில் படும் ஒவ்வொரு பெட்டியையும் படம் எடுங்கள், எந்த பிளாக், எந்த மாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். நேஷனல் பில்டிங் கோட் 2016-இன் நான்காம் பகுதிப்படி, ரெஃப்யூஜ் ஏரியா 24 மீட்டர் உயரத்தைத் தாண்டியதும் வரும் மாடியிலும், அதற்கு மேல் 15 மீட்டருக்கு ஒன்றாகவும் இருக்க வேண்டும். எங்களுக்கு அது 8, 13 ஆகிய மாடிகள். பால்கனி உள்ள குடியிருப்புகளுக்கு இதில் விலக்கு உண்டு. 60 மீட்டரைத் தாண்டும் கட்டடமானால் பால்கனி இருந்தாலும் ரெஃப்யூஜ் வேண்டும். ஆகவே பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்து “அவங்களுக்கு இல்லையே” என்று வாதாட வேண்டாம். உங்களுக்கு எது என்பதை அங்கீகரிக்கப்பட்ட பிளான் சொல்லும்.

மூன்று சாதனங்களை எல்லோரும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறார்கள். கூரையில் இருக்கும் ஸ்பீக்கர் பி.ஏ. சிஸ்டம். கீழிருந்து பேசினால் மேலே கேட்கும், மேலே இருப்பவர் பேச வழியில்லை. சிவப்புப் பெட்டிக்குள் ரிசீவர் இருந்தால் அது ஃபயர் டெலிபோன். தீயணைப்பு வீரர்கள் மாடிகளுக்கு இடையே பேசிக்கொள்ள வைத்தது, பெரும்பாலும் பூட்டியே இருக்கும். பட்டனை அழுத்தினால் கையில் எதையும் பிடிக்காமல் பேசக்கூடிய பச்சைப் பெட்டிதான் ரெஃப்யூஜில் காத்திருப்பவருக்கானது. நம் ஊர் வெண்டர்கள் மூன்றையும் சேர்த்து ‘டாக்பேக்’ என்பார்கள். கொட்டேஷன் வாங்கும்போது இந்த ஒரு சொல்லை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். இனி இங்கே நான் டாக்பேக் என்பது பச்சைப் பெட்டியையும் அதன் பேனலையும் மட்டும்தான்.

பெட்டியின் உயரத்தையும் அப்போதே டேப் வைத்து அளந்துவிடுங்கள். பட்டன் தரையிலிருந்து 90 முதல் 120 சென்டிமீட்டருக்குள் இருந்தால் வீல்சேரில் உட்கார்ந்திருப்பவருக்கு எட்டும். எங்கள் 13-ஆவது மாடியில் 155 சென்டிமீட்டரில் மாட்டியிருந்தார்கள். மாட்டிய தம்பி நல்ல உயரம் போலிருக்கிறது.

“கையில செல்போன் இருக்கும்போது இது எதுக்கு?” என்று கமிட்டியில் கட்டாயம் ஒருவர் கேட்பார். அவரை அழைத்துக்கொண்டு ரெஃப்யூஜுக்குப் போய், தீ தாங்கும் கதவைச் சாத்திவிட்டு, சிக்னல் எத்தனை கோடு காட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். எங்களுக்கு ஒரு கோடு வந்து வந்து போனது. அதோடு, பதறி ஓடிவருகிறவர் போனைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுத்தான் வருவார்.

2. காகிதங்களைக் கைக்குக் கொண்டுவாருங்கள்

நான் அதிக நாள் இழந்தது இங்கேதான். பில்டர் ஹேண்ட்ஓவர் செய்தபோது வந்த மூன்று அட்டைப் பெட்டிகளும் ஜிம்முக்குப் பின்னால் கிடந்தன, ஒன்றைக் கரையான் அரித்திருந்தது. நீங்கள் தேட வேண்டியவை:

சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அங்கீகரித்த பிளான். தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை தந்த என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), கட்டி முடித்த பின் தந்த கம்ப்ளையன்ஸ் சான்றிதழும். ஃபயர் அலாரம், பி.ஏ., டாக்பேக் மூன்றுக்கும் ஆஸ்-பில்ட் டிராயிங், அதாவது கேபிள் உண்மையில் எந்த வழியாகப் போகிறது என்று காட்டும் படம். பேனலின் மேனுவல். முதல் முறை இயக்கிச் சோதித்தபோது எழுதிய அறிக்கை. கடைசியாக, எல்லோரும் மறந்துவிடுவது: பேனலின் பாஸ்வேர்டும் சாவியும்.

பாஸ்வேர்டு இல்லாவிட்டால் புது வெண்டரால் பேனலுக்குள் ஒரு மாற்றமும் செய்ய முடியாது. பழைய வெண்டரோ, பாக்கிப் பணம் வந்தால்தான் தருவேன் என்பார். எங்களுக்கு நடந்தது இதுவேதான். பில்டருக்கும் அந்த வெண்டருக்கும் இருந்த கணக்குத் தகராறில் நடுவில் மாட்டியது நாங்கள். ஆறு வாரம், பதினோரு மின்னஞ்சல். அதனால், ஹேண்ட்ஓவர் இன்னும் முடியாத கட்டடத்தில் நீங்கள் இருந்தால், பாஸ்வேர்டை எழுத்தில் வாங்கி, உங்கள் கண் முன்னாலேயே பேனலில் போட்டுக் காட்டச் சொல்லிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

டிராயிங் கிடைக்கவே இல்லையென்றால் புதிதாக வரைய ஆள் வைக்க வேண்டாம். ஜங்ஷன் பாக்ஸ்கள் எங்கெங்கே என்று டெக்னீஷியனோடு நடந்து ஒரு வெள்ளைத்தாளில் குறித்தாலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். எங்களுக்கு ஒரு சனிக்கிழமை பகல் பிடித்தது.

3. ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) யாரிடம், எவ்வளவு?

‘ஃபயர் ஏ.எம்.சி. இருக்கே’ என்றுதான் எங்கள் கமிட்டியும் நிம்மதியாக இருந்தது. அந்த ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தால் பம்ப், ஹைட்ரன்ட், ஸ்பிரிங்க்ளர், சிலிண்டர், அதோடு முடிந்தது. சிசிடிவி, இன்டர்காம் பார்ப்பவரைக் கேட்டால் “அது ஃபயர் ஐட்டம் சார், நாங்க தொடறதில்ல.” இரண்டு பேருக்கும் நடுவில் டாக்பேக் அநாதையாகக் கிடந்தது. உங்கள் ஒப்பந்தத்தில் ‘ரெஃப்யூஜ் ஏரியா டாக்பேக், பேனல், பேட்டரி’ என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

எங்களுக்கு மூன்று கொட்டேஷன் வந்தன. வருடத்துக்கு 22,000, 36,000, 85,000 ரூபாய். எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மலிவானதில் வருடத்துக்கு இரண்டே விசிட், பொருள் எதுவும் சேராது. 85,000 கேட்டவர் எல்லாப் பொருளும் சேர்த்தி என்றார். ஆனால் பேட்டரி, இடி மின்னலால் வரும் சேதம், வெள்ளச் சேதம் மூன்றும் விலக்கு என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. வடசென்னையில் இந்த மூன்றையும் கழித்தால் மிச்சம் என்ன இருக்கிறது? நடுவில் இருந்தவரை எடுத்தோம்: மூன்று மாதத்துக்கு ஒரு விசிட், கூப்பிட்டால் 24 மணி நேரத்துக்குள் ஆள், பொருளுக்குத் தனிக் காசு.

முதல் வருடச் செலவு இது. ஏ.எம்.சி. ஜி.எஸ்.டி.யோடு 42,480. பேட்டரி இரண்டு, 2,200. ஒரு பச்சைப் பெட்டி புதிதாக, 9,500. பேனலை இடம் மாற்ற, தீயில் கருகாத கேபிளோடு 28,000. மொத்தம் 82,180. எங்களுடையது 136 வீடு, ஆக வீட்டுக்கு 605 ரூபாய்கூட ஆகவில்லை. மெயின்டனன்ஸ் பணத்திலேயே சமாளித்தோம், தனி வசூல் போடவில்லை. உங்கள் பேனலின் மாடலைப் பொறுத்து இது ஏறும், இறங்கும்.

பேட்டரிக்கு வெண்டர் சொன்ன விலை ஜோடி 4,800. ரிச்சி தெருவில் அதே கம்பெனி, அதே அளவு 2,200-க்குக் கிடைத்தது. நீங்களே வாங்குவதானால், உங்கள் பேட்டரியை மாட்ட சம்மதமா என்று வெண்டரிடம் முதலில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் தயாரிப்புத் தேதியைப் பார்த்து எடுங்கள். ஒரு வருடம் அலமாரியில் தூங்கிய பேட்டரியைத் தள்ளுபடி என்று நீட்டுவார்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது, 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகள் அதைத் தடுக்கின்றன. கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

கேபிளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பேனலுக்கும் பெட்டிக்கும் நடுவில் சாதா டெலிபோன் ஒயர் ஓடினால், தீப்பிடித்த இரண்டாவது மாடியைக் கடக்கும்போதே அது உருகி அறுந்துவிடும். மேலே எட்டாவது மாடியில் பெட்டி புத்தம்புதிதாக இருந்து என்ன பிரயோஜனம்?

4. பேனல் எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள்

கொட்டேஷன் கொடுக்க வந்த மூன்று பேரும் பார்க்காமல் விட்டதை, ரொட்டீன் பார்வைக்கு வந்த தீயணைப்பு அலுவலர் ஒருவர் அரை நிமிடத்தில் பிடித்தார். எங்கள் செக்யூரிட்டி அறை மீட்டர் ரூமுக்கு ஒட்டியபடி இருந்தது. “இங்க புகை வந்தா உங்க ஆளு முதல்ல ஓடிடுவாரு. அப்புறம் போனை யார் எடுப்பா?” என்றார். பதில் சொல்ல வாயே வரவில்லை.

பேனலை கேட் பக்கம் இருக்கும் அறைக்கு மாற்றினோம். மாற்றும்போதே, மிக்ஜாமில் தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவரில் கோடு போட்டுக் காட்டி, பேட்டரித் தட்டு அந்தக் கோட்டுக்கு இரண்டு அடி மேலே வரும்படி மாட்டச் சொன்னேன். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொளத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, உங்கள் சுவரில் கோடு ஏற்கெனவே இருக்கும். பேஸ்மென்ட்டில் பேனல் இருந்தால் அடுத்த மழைக்கு முன்பே மேலே ஏற்றிவிடுங்கள்.

5. வாரம் ஒரு முறை: இரண்டு பேர், பத்து நிமிடம்

இதற்கு டெக்னீஷியன் வேண்டாம். ஒருவர் மேலே, ஒருவர் பேனலில். வாரத்துக்கு ஒரு பெட்டி என்று சுற்றில் வையுங்கள். எங்களுக்கு இரண்டு பிளாக், நாலு பெட்டி. ஒரு மாதத்தில் எல்லாமே ஒரு சுற்று வந்துவிடும். ஞாயிறு காலை வேண்டாம், பாதிப் பேர் காசிமேட்டில் மீன் வாங்கப் போயிருப்பார்கள். சனி மாலை ஐந்தரைக்கு வைத்துக்கொண்டோம். முதல் நாளே வாட்ஸாப் குழுவில் இரண்டு வரி, லிஃப்டில் ஒரு தாள். சொல்லாமல் செய்தால் பஸ்ஸர் சத்தம் கேட்டு யாராவது 101-க்கு அடித்துவிடுவார்கள், ஒருமுறை அடித்தேவிட்டார்கள்.

மேலே இருப்பவர் பட்டனை ஒரே முறை அழுத்திவிட்டு, போனில் ஸ்டாப்வாட்ச் போட வேண்டும். பட்டனைச் சுற்றி விளக்கு எரிகிறதா? கீழே பஸ்ஸர் அடிக்கிறதா? பேனலில் எந்த விளக்கு எரிகிறது?

கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். எங்கள் முதல் சோதனையில் நான் ஏ பிளாக் எட்டாவது மாடியில் அழுத்தினேன். கீழே எரிந்தது ‘பி பிளாக் 13’. யாரோ வயரை மாற்றிச் செருகி, பெயர்ப் பட்டையைப் பழையபடியே விட்டிருந்தார்கள். உண்மையான தீ என்றால் மீட்க வருகிறவர்கள் வேறு பிளாக்கின் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து பேச்சு. “ஹலோ, ஹலோ, கேக்குதா? கேக்குது” என்று முடித்துக்கொள்வது சோதனையே இல்லை. கையில் இருக்கும் ஈ.பி. பில்லின் சேவை எண்ணிலிருந்து கடைசி ஆறு இலக்கத்தைப் படியுங்கள். கீழே இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு அவர் ஆறு இலக்கம் படிக்க, நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். ஒரு இலக்கம் தவறினாலும் ‘தெளிவில்லை’ என்று எழுதுங்கள். இதே சோதனையை மாதம் ஒரு முறை ஜெனரேட்டர் ஓடும்போதும் செய்யுங்கள். அமைதியான சனி மாலையில் கணீரென்று கேட்டது, ஜெனரேட்டர் சத்தத்தில் வெறும் இரைச்சலாகிவிட்டது எங்களுக்கு. பேனல் பக்கம் ஒலியைக் கூட்டியதும் சரியானது.

கேட்கவே கேட்காத பெட்டி இருந்தால், வெண்டரைக் கூப்பிடும் முன் மைக் துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். பொங்கலுக்குப் பெயின்ட் அடித்தவர்கள் பெட்டியையும் சேர்த்தே அடித்திருப்பார்கள். எங்கள் ஒரு பெட்டியில் துளைகளில் எமல்ஷன் அடைத்திருந்தது. குண்டூசியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தோம். இன்னொன்றின் பின்னால் புறாக் கூடு. முட்டை இருந்ததால் குஞ்சு பறக்கும் வரை காத்திருந்ததை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

ஒரே நேரத்தில் இரண்டு பெட்டியிலிருந்து அழைத்தும் பாருங்கள். இரண்டாவது அழைப்பு வரிசையில் தெரிய வேண்டும், காணாமல் போகக் கூடாது.

6. மாதம் ஒரு முறை: கரண்டை நிறுத்துங்கள்

தீ என்றால் முதலில் போவது கரண்ட். ஆகவே பேட்டரியில் பேசாத டாக்பேக்கை டாக்பேக் என்று சொல்லவே கூடாது. பேனலுக்கான எம்.சி.பி.யை, அதாவது பிரேக்கர் சுவிட்சை, மட்டும் கீழே இறக்குங்கள். ‘மெயின்ஸ் இல்லை’ என்ற மஞ்சள் விளக்கு வர வேண்டும். ஒரு மணி நேரம் அப்படியே விட்டு, மேலே சொன்ன ஆறு இலக்கச் சோதனையை ஒருமுறை செய்யுங்கள். பிறகு எம்.சி.பி.யை ஏற்ற மறக்காதீர்கள். மறப்பீர்கள், போனில் அலாரம் வையுங்கள்.

பெரும்பாலான பேனல்களில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு, தொடராக இணைத்து 24 வோல்ட். சார்ஜில் இருக்கும்போது ஜோடிக்கு மல்டிமீட்டர் 27 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். ஒரு மணி நேரம் கரண்ட் இல்லாமல் ஓடியதும் 24-க்குக் கீழே போயிருந்தால் ஜோடியாகவே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும். மாட்டிய தேதியை மார்க்கரில் பேட்டரி மேலேயே எழுதுங்கள். இந்த வகைப் பேட்டரிக்கு வெப்பம்தான் எமன். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். ஃபேன் இல்லாத தகர அறையில் கத்திரி வெயிலைத் தாங்கிய பேட்டரியை மூன்று வருடத்துக்கு மேல் நம்பாதீர்கள்.

எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும்? இந்தச் சாதனங்கள் பலவற்றுக்கு அடிப்படையான பிரிட்டிஷ் தரம், பி.எஸ். 5839-இன் ஒன்பதாம் பகுதி. கரண்ட் இல்லாமல் 24 மணி நேரம் சும்மா இருந்துவிட்டு, அதன் பிறகும் 3 மணி நேரம் பேச வேண்டும் என்பது அதன் கணக்கு. இந்த முழுச் சோதனையை வருடத்துக்கு ஒரு முறை, வெண்டர் முன்னிலையில், பிப்ரவரி மார்ச்சில் வையுங்கள். அக்டோபர், நவம்பரில் வேண்டாம். முழுக்க இறங்கிய பேட்டரி திரும்ப ஏற ஒரு நாள் ஆகும், அந்த ஒரு நாளில் புயல் வராது என்று யார் சொல்வது?

7. மூன்று மாதத்துக்கு ஒரு முறை: டெக்னீஷியன் வரும் நாள்

கூடவே நில்லுங்கள். நிற்காவிட்டால் கீழே பேனலில் தூசி தட்டி, கையெழுத்து வாங்கி, டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். குறை சொல்லவில்லை, அந்தத் தம்பிகளுக்கு ஒரே நாளில் ஐந்து கட்டடம்.

ஒரு பெட்டியைத் திறந்து, ஒரு வயரைக் கழற்றச் சொல்லுங்கள். சில நிமிடங்களில் பேனலில் ஃபால்ட் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால், நாளை ஃபைபர் இழுக்க வருகிறவர் டக்ட்டுக்குள் உங்கள் கேபிளை அறுத்துவிட்டுப் போனாலும் பேனல் பச்சை விளக்கோடு சிரித்துக்கொண்டிருக்கும். எங்களுக்கு அப்படித்தான் இருந்தது. லைன் அறுந்தால் பேனலுக்குக் காட்டிக்கொடுப்பதற்காக லைனின் கடைசியில் இருக்க வேண்டிய ரெசிஸ்டரை மாடியில் பெட்டிக்குள் போடாமல், பேனலுக்குள்ளேயே போட்டிருந்தார்கள். பேனல் தன்னைத் தானே சோதித்துக்கொண்டு ‘எல்லாம் நலம்’ என்றது. சில ரூபாய்ப் பொருள், எண்பது அடி உயரத்தில் இருக்க வேண்டியது.

டெர்மினல்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வரை கடற்காற்று செம்பை விடாது. ரெஃப்யூஜ் ஏரியா ஒரு பக்கம் திறந்த வெளி என்பதால் வீட்டுக்குள் இருக்கும் ஸ்விட்ச் போர்டைவிட இங்கே அரிப்பு சீக்கிரம் வரும். துடைத்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, பெட்டியின் ரப்பர் விளிம்பு பிளந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

8. கீழே எடுப்பவரைச் சோதியுங்கள்

கருவி எல்லாம் சரியான பிறகு ஒரு நாள், யாருக்கும் சொல்லாமல், ராத்திரி இரண்டரை மணிக்கு எட்டாவது மாடி பட்டனை அழுத்தினேன். எடுக்க மூன்று நிமிடம் பத்து வினாடி. எடுத்தவர் சொன்ன முதல் வார்த்தை: “சார், லிஃப்ட்ல மாட்டிக்கிட்டீங்களா?”

எங்களுக்கு நாலு செக்யூரிட்டி, அதில் இரண்டு பேர் ஒடிசாக்காரர்கள். அவர்களுக்குத் தமிழ் ஓரளவு புரியும், பதற்றத்தில் பேச வராது. அதனால் ஒரு தாளில் ஐந்தே வாக்கியம் எழுதி, அவர்களுக்கு வாசிக்க வரும் எழுத்திலும் போட்டு, லேமினேட் செய்து பேனலுக்குப் பக்கத்தில் மாட்டினோம். எந்த மாடி, எத்தனை பேர்? நடக்க முடியாதவர் யாராவது உண்டா? புகை வருகிறதா? கதவைச் சாத்தி வையுங்கள், அங்கேயே இருங்கள். தீயணைப்பு வண்டிக்குச் சொல்லிவிட்டோம், ஐந்து நிமிடத்தில் திரும்பப் பேசுகிறேன்.

கடைசி வாக்கியத்தில் சொன்னபடி, சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மேலே கூப்பிட வேண்டும். இதை டீச்சரம்மாதான் சொல்லிக்கொடுத்தார். “ஒரு குரல் கேட்டிருந்தா போதும் தம்பி, நாங்க பாட்டுக்கு உக்காந்திருப்போம். பதில் வராததுலதான் இவரு படியில இறங்கலாம்னு எழுந்துட்டாரு.”

சொல்லக் கூடாதது ஒன்றும் இருக்கிறது: “கீழ இறங்கி வந்துடுங்க.” படிக்கட்டில் எங்கே புகை இருக்கிறது என்று செக்யூரிட்டிக்குத் தெரியாது.

101 அல்லது 112-க்கு அழைக்கும்போது ‘தீ’ என்பதோடு ‘ஏ பிளாக் எட்டாவது மாடி ரெஃப்யூஜில் இரண்டு பேர், ஒருவரால் நடக்க முடியாது’ என்பதையும் சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள். செம்பியம் தீயணைப்பு நிலையத்திலிருந்து வண்டி வந்ததும் அதே தகவலை அலுவலரிடம் நேரில் சொல்ல வேண்டும். இதற்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் பேனலை விட்டு நகரக் கூடாது, இன்னொருவர் கேட்டைத் திறந்து, வழியில் நிற்கும் பைக்கை ஒதுக்க வேண்டும்.

செக்யூரிட்டி ஏஜென்சி ஆளை மாற்றிக்கொண்டே இருக்கும். புது ஆள் வந்த முதல் ஷிஃப்டிலேயே ஒரு சோதனை அழைப்பு என்பதை ஏஜென்சி ஒப்பந்தத்தில் எழுதிச் சேருங்கள். ராத்திரிச் சோதனை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. இப்போது எங்களுக்கு இருபது வினாடிக்குள் எடுக்கிறார்கள். அன்றைக்கு டேப் ஒட்டியதை ஒப்புக்கொண்ட அதே அண்ணன்தான் எல்லோரையும்விட வேகம். அவரைத் திட்டி அனுப்பியிருந்தால் அடுத்தவரும் டேப்தான் ஒட்டியிருப்பார்.

9. இடத்தைக் காலியாக வையுங்கள்

இதுதான் சண்டை வரும் வேலை. ரெஃப்யூஜில் துணி காயும், பழைய கட்டில் சாயும், பூந்தொட்டி வளரும், கேரம் போர்டு வரும். எரியக்கூடிய எதுவும் அங்கே இருக்கக் கூடாது, பட்டன் முன்னால் எதுவுமே இருக்கக் கூடாது. நோட்டீஸ் ஒட்டிப் பார்த்தோம், நோட்டீஸ் மேலேயே ஒரு போர்வை காய்ந்தது. கடைசியில் பலன் தந்தது, பெட்டிக்கு முன்னால் தரையில் மஞ்சள் பெயின்ட்டில் போட்ட ஒரு கட்டம். கட்டத்துக்குள் பொருள் வைக்க மனிதனுக்குக் கை வருவதில்லை.

10. பதிவேடு

நீளவாக்கில் ஒரு நோட்டு, நாற்பது ரூபாய். தேதி, நேரம், எந்தப் பெட்டி, எடுக்க எத்தனை வினாடி, ஆறு இலக்கம் சரியா, பேட்டரி வோல்ட், குறை, குறை தீர்ந்த தேதி, இரண்டு கையெழுத்து. ‘ஓகே’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். எங்கள் பழைய நோட்டில் பேட்டரி செத்திருந்த பதினோரு மாதமும் ‘ஓகே’ என்றுதான் இருக்கிறது. ஃபயர் லைசென்ஸ் சம்பந்தமாக அலுவலர்கள் பார்க்க வரும்போது இந்த நோட்டையும், வெண்டரின் நாலு சர்வீஸ் அறிக்கையையும், ஏ.எம்.சி. நகலையும் ஒரே கோப்பில் கொடுங்கள். எங்களிடம் அவர்கள் அதிக நேரம் பார்த்தது இந்த நோட்டைத்தான்.

நோட்டின் முதல் பக்கத்தில் பேனல் சாவி எங்கே இருக்கிறது என்று எழுதி வையுங்கள். எங்களுடையது கேட் அறைக் கதவுக்குப் பின்னால், ஆணியில், சிவப்பு ரிப்பன் கட்டியபடி. இன்னொன்று ஒன்பதாவது மாடியில், டீச்சரம்மாவிடம்.